ஒன்பதாவது புதன்

சேசு மரி சூசை துணை

தாராவி
2-1-2025

அன்புத் தங்கச்சி ஜெனிக்கு அக்கா செல்வமேரி எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் மகள் ரெபேக்காவும் சுகம். நீயும் மடத்தில் எல்லாரும் சுகமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் மதருக்கும் என் புத்தாண்டு வணக்கம். உனக்கு சிஸ்டர் கார்மேலா என்று பெயர் வைத்து இருபத்தொரு வருஷம் ஆகிவிட்டது. எனக்கு வாயில் ஜெனிதான் வருகிறது, மதர் மன்னிக்கட்டும்.

போனில் சொல்லிவிடலாம் என்றால் அடைபட்ட மடத்தில் சாவுச் செய்திக்கு மட்டும்தான் போன். அப்பா அம்மாவுக்குப் பிறகு நம் வீட்டில் யாரும் சாகவில்லை. அதனால் இந்தக் காலத்திலும் நான் தபாலாபீஸில் போய் தபால் கவர் கேட்கிறேன். கவுண்டரில் இருக்கிற பிள்ளை என்னை மேலும் கீழும் பார்க்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுக் கதவில் நம்பர் எழுதிவிட்டார்கள். அப்பா ஒட்டிவைத்த திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில், சிவப்புப் பெயிண்டில். சந்து சந்தாக சர்வே ஆட்கள் வந்து ஆளைப் பார்த்து, பேப்பரைப் பார்த்து, போட்டோ எடுத்துப் போகிறார்கள். லிஸ்டில் வந்தவர்களுக்கு இங்கேயே கட்டடத்தில் வீடு. வராதவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். நம் சந்து புது ரோட்டுக்குள் போகிறதாம், முதலில் இடிப்பது எங்களைத்தான் என்று பேச்சு.

பேப்பரில் குறை இல்லை. அப்பா பெயரில் இருந்த லைட் பில்லை என் பெயருக்கு மாற்றிவிட்டேன், ரேஷன் கார்டு இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பயம் விடவில்லை. பைக்கு ஜிப் தைக்கும்போது இந்த வாரம் மூன்று ஊசியை ஒடித்துவிட்டேன். நீ பிறந்த வீடு ஜெனி, நீ மடத்துக்குக் கிளம்பின வாசல். அதற்காக வேண்டிக்கொள்.

அன்பு அக்கா,
செல்வமேரி

*

கார்மேல் மடம்
16-1-2025

கிறிஸ்துவில் அன்பான அக்காவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் மூவரோடும் இருப்பதாக. இறைவனின் கிருபையால் நாங்கள் பதினெட்டு பேரும் நலமாக இருக்கிறோம். குளிருக்கு எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் உண்டு, அதையும் உனக்காக ஒப்புக்கொடுக்கிறேன்.

அக்கா, நீ ஏன் கலங்குகிறாய்? மாகிம் கோயிலில் மாதா இருக்கிறாள். சின்ன வயதில் அம்மா நம் இருவரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாளே, நினைவிருக்கிறதா? ஒன்பது புதன்கிழமை நோவேனா ஜெபத்துக்குப் போ. ஒரு புதன்கூடத் தவறக்கூடாது. தவறினால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அம்மா சொல்வதை நீ அறிவாய். ஆண்டவரை நம்பு. நீ அவர் வீட்டுக்குப் போ, உன் வீட்டை அவர் பார்த்துக்கொள்வார்.

கவலை விசுவாசத்துக்கு விரோதி. சந்தோஷமாக இரு.

உன் தங்கை,
சிஸ்டர் கார்மேலா

*

சேசு மரி சூசை துணை

தாராவி
6-2-2025

அன்புத் தங்கச்சிக்கு, நாங்கள் சுகம். உன் முழங்காலுக்கு ரெபேக்கா ஒரு தைலம் சொல்கிறாள். அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாததால் பெயரைத் தனிச் சீட்டில் இங்கிலீஷில் எழுதித் தந்தாள், இதோடு வைத்திருக்கிறேன்.

நேற்றோடு மூன்று புதன் முடிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கும்போது நெஞ்சு லேசாகிவிடுகிறது. வரிசையில் நிற்கும்போது முன்னால் ஒரு குஜராத்திப் பெண், பின்னால் ஒரு துலுக்கப் பெரியம்மா, எல்லாருக்கும் கையில் ஒரு வேண்டுதல். வீட்டுக்கு வந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தைக்கிறேன். ஊசி ஒடியவில்லை. "என்னட்டி, கோயில்ல கோட்டர் ஊத்துதாவளா?" என்று உன் அத்தான் கேலி பண்ணுகிறார். லெதர் வெட்டுகிற கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு வாயும் கத்தி ஆகிவிட்டது.

கோயில் வாசலில் மெழுகு பொம்மை விற்பார்களே, அது இன்னும் இருக்கிறது. கால் வலிக்குக் கால், பிள்ளை வேண்டுமென்றால் பிள்ளை. வீடும் விற்கிறார்கள், குட்டிக் கதவு ஜன்னல் எல்லாம் வைத்து. ஒன்பதாவது புதனுக்கு ஒரு மெழுகு வீடு வாங்கி மாதாவின் காலடியில் வைப்பதாக நேர்ந்திருக்கிறேன்.

நேற்று நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் சர்வே ஆட்கள் வந்துவிட்டுப் போனார்களாம். எதிர்வீட்டு ஃபர்ஸானா சொன்னாள். "திரும்ப வருவாவ, கவலப்படாத" என்றாள். நான் கவலைப்படவில்லை. நீ சொன்னபடி இருக்கிறேன்.

அக்கா

*

கார்மேல் மடம்
25-2-2025

அன்பான அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். தைலம் வாங்க இங்கே அனுமதி கேட்க வேண்டும், ரெபேக்காவுக்கு என் முத்தம். அத்தானின் கேலிக்கும் ஆண்டவர் கூலி கொடுப்பார்.

அடுத்த புதன் சாம்பல் புதன். தபசு காலம் முழுவதும் நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, பிரிப்பதும் இல்லை. வருவதெல்லாம் மதரின் மேசை டிராயரில் உயிர்ப்பு ஞாயிறு வரை இருக்கும். திருவருகைக் காலத்திலும் இதே ஒழுங்கு என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆகையால் இதுதான் நோவேனா முடிவதற்குள் நான் எழுதும் கடைசிக் கடிதம்.

நாள்காட்டியைப் பார்த்தேன் அக்கா. உன் ஒன்பதாவது புதன் மார்ச் 19-ல் விழுகிறது. சூசையப்பர் திருநாள். தங்க இடம் தேடிக் கதவு கதவாகத் தட்டிய மனிதரின் நாள். இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும் உனக்கு? எது வந்து தடுத்தாலும் அந்தப் புதனை விட்டுவிடாதே.

சிஸ்டர் கார்மேலா

*

சேசு மரி சூசை துணை

தாராவி
20-3-2025

தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீ இதை ஈஸ்டருக்குத்தான் படிப்பாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஒன்பதாவது புதனும் முடிந்தது. மெழுகு வீடு வைத்துவிட்டேன். சர்வே ஆட்களும் வந்தார்கள். மற்றது ஆண்டவர் சித்தம்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

செல்வமேரி

*

கார்மேல் மடம்
23-4-2025

என் அன்பான அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம். உன் கடிதத்தை ஞாயிறு காலை மதர் கொடுத்தார். ஆறே வரிதான் எழுதியிருக்கிறாய், ஆனாலும் ஒன்பது புதனும் சர்வேயும் நல்லபடி முடிந்தது அறிந்து எல்லாச் சகோதரிகளும் மகிழ்ந்தார்கள். அன்று மதியம் சாப்பாட்டு அறையில் பேச அனுமதி இருந்தது. உன் மெழுகு வீட்டைப் பற்றித்தான் பேச்சு. வயதான சிஸ்டர் ஒருவர், "குட்டிக் கதவு திறக்குமா?" என்று கேட்டார்.

லிஸ்டில் பெயர் வந்ததும் எழுது. எத்தனையாவது மாடி என்றும் எழுது. அத்தான் இப்போதாவது கோயில் பக்கம் வருகிறாரா?

மகிழ்ச்சியில்,
சிஸ்டர் கார்மேலா

*

தாராவி
15-6-2025

மதிப்புக்குரிய சிஸ்டருக்கு செல்வமேரி புருஷன் சேசுராஜ் எழுதுவது. நீங்கள் நலமாக இருக்கவும். நான் நலமில்லை. உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது, இப்படி எழுத வேண்டியிருக்கிறது. நான் இதை எழுதுவது அவளுக்குத் தெரியாது. கத்தி பிடித்த கை, எழுத்து கோணலாக இருக்கும்.

லிஸ்ட் வந்துவிட்டது. எங்கள் பெயர் இல்லை. பேப்பர் எல்லாம் சரியாக இருந்தும் ஏன் இல்லை என்று கேட்கப் போன வாரம் லீவு போட்டு ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த ஆள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினான். மூன்று போட்டோ. மூன்றிலும் எங்கள் கதவு, கதவில் பூட்டு. பிப்ரவரி 5, பிப்ரவரி 26, மார்ச் 19. "தீன் பார் ஆயே, தீனோ பார் தாலா" என்றான். மூன்று தடவை பூட்டியிருந்தால் யாரும் குடியிருக்கவில்லை என்று கணக்காம். மூன்றாவது தடவைக்கு முன்னால் சீட்டு கொடுத்தோம், பெண்பிள்ளை கையெழுத்துப் போட்டு வாங்கினாள் என்று கையெழுத்தையும் காட்டினான். அவள் கையெழுத்துத்தான்.

மூன்றும் என்ன கிழமை என்று ரோட்டில் நின்று விரல் விட்டுப் பார்த்தேன் சிஸ்டர். மூன்றும் புதன்.

வீட்டுக்கு வந்து தேடினேன். சீட்டு அவள் ஜெபமாலை டப்பாவுக்குள் நாலாக மடித்து இருந்தது. கூடவே உங்கள் கடிதமும் இருந்தது. உன் வீட்டை அவர் பார்த்துக்கொள்வார் என்று அழகான எழுத்தில் எழுதியிருந்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான் வேலை. ஒரு ஆள் ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மழை முடிந்ததும் இடிப்பார்கள். மனு போட்டுப் பார்த்தேன், தள்ளிவிட்டார்கள். அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. நீங்கள் எங்களுக்காக வேண்டிக்கொள்ளலாம், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் அவளுக்கு இனிமேல் சந்தோஷமாக இரு என்று மட்டும் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
ம. சேசுராஜ்

*

கார்மேல் மடம்
24-6-2025

அக்கா,

நீங்கள் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தான் எழுதியிருந்தார். அவர்மேல் கோபப்படாதே.

சீட்டு உன் கையில் இருந்ததா? சூசையப்பர் திருநாள் அன்று அவர்கள் வருவது உனக்கு முன்னாலேயே தெரியுமா? மார்ச்சில் எனக்கு ஏன் எழுதவில்லை?

வேறு எதுவும் எழுத வரவில்லை.

ஜெனி

*

சேசு மரி சூசை துணை

தாராவி
10-8-2025

ஜெனிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது, தினம் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுவேன். நீ கேட்டது மூன்று கேள்வி. இருந்தது. தெரியும். எப்படி எழுதுவேன்?

17-ம் தேதி திங்கள்கிழமை சீட்டு கொடுத்தார்கள். புதன் காலை பதினொன்றிலிருந்து ஒன்று வரை, இதுதான் கடைசித் தடவை என்று போட்டிருந்தது. மராத்தியில் இருந்ததை ஃபர்ஸானா படித்துச் சொன்னாள். "இந்த வாரம் ஒரு நாளைக்கு உங்க மாதாகிட்ட லீவு கேளு மேரி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அது பிசாசு பேசுகிற மாதிரி இருந்தது. எட்டு புதன் போயாயிற்று, ஒன்பதாவதில் சோதிக்கிறது என்று நினைத்தேன். உன் அத்தானிடம் சொன்னால் போகாதே என்பார், அதனால் சொல்லவில்லை. எட்டு மணி நோவேனாவுக்குப் போனால் பத்துக்கு வீட்டில் இருக்கலாம், என்ன குடி முழுகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

நோவேனா ஒன்பதரைக்கே முடிந்துவிட்டது, ஜெனி. அப்போதே கிளம்பியிருந்தால் போதும்.

மெழுகு வீடு தீர்ந்துபோயிருந்தது. தாராவி முழுக்கக் கதவில் நம்பர் எழுதினால் எல்லாப் பொம்பளைகளும் வீடுதானே வாங்குவார்கள்? கடை கடையாகப் பார்த்தேன். கை இருந்தது, கால் இருந்தது, இருதயம் குவித்து வைத்திருந்தார்கள். வீடு மட்டும் இல்லை. ஓரத்துக் கடைக்காரி, "பந்த்ரா மினிட் பெஹன், பதினைந்தே நிமிஷம், வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்" என்றாள். நேர்ந்ததை வைக்காமல் எப்படிப் போவது? நின்றேன். பத்தே கால் ஆயிற்று. பத்தரை ஆயிற்று. எனக்குக் கொஞ்சமும் பதற்றம் இல்லை என்பதுதான் பெரிய வேடிக்கை. நீ சந்தோஷம் சந்தோஷம் என்பாயே, அது அன்றைக்கு முழுசாக எனக்குள் இருந்தது. வெயிலில் நின்றுகொண்டு சிரித்த முகமாக இருந்தேன். பதினொன்றேகாலுக்கு மெழுகு வீடு வந்தது. இன்னும் சூடு ஆறாமல் கையில் ஒட்டியது. வைத்துவிட்டு ஓடி வந்தேன்.

சந்து முனையில் ஃபர்ஸானா அழுதுகொண்டு நின்றாள். பத்து நிமிஷம், பத்தே நிமிஷம் என்று அவர்கள் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியிருக்கிறாள். போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

மறுநாள் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நடந்ததை எழுதினால் நீ அதைச் சுமந்துகொண்டு நாலு சுவருக்குள் கிடப்பாய். உனக்குப் போய்ச் சொல்லி அழ ஒரு எதிர்வீடுகூட இல்லை. அதனால் மெழுகு வீடு வைத்துவிட்டேன் என்று மட்டும் எழுதினேன். அது பொய் இல்லை.

நீ எழுதினதால்தான் போனேன் என்று உன் அத்தான் நினைக்கிறார். அப்படி இல்லை. நானே விரும்பித்தான் போனேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், மதரும் படிக்கட்டும். அவர் என் வீட்டைப் பார்த்துக்கொள்ளவில்லை, ஜெனி. பார்த்துக்கொண்டு இருந்தார், அவ்வளவுதான்.

உன் அத்தான் மகள் வழியாகத்தான் என்னிடம் பேசுகிறார். "பப்பா உப்பு கேக்குறாங்க மம்மி" என்று அவள் சொல்வாள். உப்பு அவருக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கும். புதன்கிழமை கோயிலுக்குப் போவதில்லை. ஜெபமாலையை எடுத்தால் அந்தச் சீட்டுதான் ஞாபகம் வருகிறது. தூங்கி எழுந்ததும் ஒரு நிமிஷம் எல்லாம் மறந்து சும்மா கிடப்பேன், அப்புறம் கதவு கண்ணில் படும்.

செல்வமேரி

*

கார்மேல் மடம்
8-9-2025

அக்கா,

நீங்கள் மூவரும் உடம்பளவிலாவது நலமா? இன்று மாதா பிறந்த நாள். அங்கே பாந்திரா மலையில் திருவிழாக் கூட்டம் இருக்கும். இங்கே நாங்கள் பாயசம் வைத்தோம். எனக்கு இறங்கவில்லை.

நான் இதை எப்படித் தொடங்குவது என்று மூன்று வாரமாகத் தேடினேன். எங்களுக்கு மாதம் நாற்பது ஐம்பது கடிதம் வரும். பரீட்சை, கடன், கான்சர், காணாமல் போன பிள்ளை. மதர் பிரித்துக் கொடுப்பார், நாங்கள் பதில் எழுதுவோம். பதில் எழுதுவதற்கென்று எங்கள் கைக்குப் பழகின வாக்கியங்கள் இருக்கின்றன. நீ அவர் வீட்டுக்குப் போ, உன் வீட்டை அவர் பார்த்துக்கொள்வார் என்பது அதில் ஒன்று. ஜனவரியில் அதைப் பதினொரு பேருக்கு எழுதினேன். நீ பன்னிரண்டாவது. உன் கடிதத்தை இரண்டாம் தடவை படிக்கக்கூட இல்லை, மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. சந்தோஷமாக இரு என்று உனக்கு எழுதினேனே, எனக்கு அது ஆறு வருஷமாக இல்லை அக்கா. காலையில் கோயிலில் முழந்தாளிடுகிறேன், சுவரைப் பார்த்து முழந்தாளிடுவதுபோல இருக்கிறது. பாட்டு வருகிறது, உதடு அசைகிறது. கண்ணை மூடினால் ஆண்டவர் வருவதில்லை, நம் வீடுதான் வருகிறது. நீயும் நானும் படுக்கிற மூலை, அப்பா பூட்டைப் பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது. இருபத்தொரு வருஷம் முன்னால் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள் நான். அந்த வீடு அங்கே இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இங்கே இருந்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. என்னிடம் இல்லாத ஒன்றை உனக்கு எடுத்துக் கொடுத்தேன், நீ அதை நம்பி வெயிலில் நின்றிருக்கிறாய்.

மன்னித்துக்கொள் என்று கேட்க நினைத்தேன். அதுவும் பழகின வாக்கியமாகத் தெரிகிறது. அதனால் கேட்கவில்லை. இதை மதர் அனுப்பவிடாவிட்டால் திரும்ப எழுதுவேன்.

ஜெனி

படித்தேன். அப்படியே அனுப்பச் சொன்னது நான்தான். செல்வமேரி, உன் தங்கையின் முழங்காலுக்கு அந்தத் தைலத்தை வாங்கியிருக்கிறோம். — மதர்

*

சுனாபட்டி
30-10-2025

ஜெனிக்கு,

மேலே எழுதியிருக்கிற ஊரைப் பார். இனி இந்த விலாசத்துக்கு எழுது. நாங்கள் இருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை இடித்தார்கள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அப்பா அந்தச் சுவரைக் கட்ட எத்தனை வருஷம் எடுத்தார் என்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். கதவை மட்டும் முதலில் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தார்கள். நம்பரும் திரு இருதயமும் அதில் அப்படியே இருந்தன. பூட்டை உன் அத்தான் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஃபர்ஸானாவுக்கு லிஸ்டில் இடம் உண்டு, கட்டடம் வரும்வரை வாடகையும் உண்டு. அவளுக்கு அதைச் சொல்லவே கூச்சம். என் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்தாள்.

இங்கே ஒரே அறை. தண்டவாளத்துக்குப் பக்கம், ட்ரெயின் போகும்போது டம்ளர் நடுங்குகிறது. வாடகைக்காரி பதினொரு மாதத்துக்குத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு எங்கே என்று கேட்காதே. ரெபேக்கா காலேஜை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறாள்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. உன்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது. பதினொரு பேரும் என்ன ஆனார்கள் என்று யோசித்தேன். உன் சுவரும் என் சுவரும் ஒன்றுதான் போலிருக்கிறது. நீ உள்ளே முட்டுகிறாய், நான் வெளியே. ஜெபம் வரவில்லை என்றால் வராமல் இரு. சாப்பிடு.

அக்கா

*

சேசு மரி சூசை துணை

சுனாபட்டி
4-12-2025

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் மூவரும் ஏதோ இருக்கிறோம். தைலம் தேய்க்கிறாயா? திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது, இது மதரின் டிராயரில் கிடந்து கிறிஸ்துமஸ் அன்றுதான் உன் கைக்கு வரும் என்று தெரியும். பரவாயில்லை, கிடக்கட்டும்.

நேற்று புதன். காலையில் அவரும் ரெபேக்காவும் கிளம்பிப் போன பிறகு தைக்க உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கே போகிறேன் என்று நினைக்கவே இல்லை. மாகிமில் போய்த்தான் நின்றேன். எட்டரை மாதம் ஆயிற்று. கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நன்றி சொல்லவும் ஒன்றும் இல்லை. சண்டை போடலாம் என்றால் அதற்கும் தெம்பு இல்லை. எல்லாரும் நிற்கிறார்களே என்று நானும் வரிசையில் நின்றேன்.

ஓரத்துக் கடைக்காரி என்னை மறக்கவில்லை. "பெஹன், ஆஜ் கர் ஹை, பஹுத் ஹை" என்று கூப்பிட்டுக் காட்டினாள். இன்றைக்கு வீடு இருக்கிறது, நிறைய இருக்கிறது என்கிறாள். தட்டு நிறைய வீடு. இந்த வருஷம் அதிகமாக வார்த்துவிட்டாளாம், விற்கவில்லையாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வரிசையை விட்டுப் போய்விடலாம் என்று திரும்பினால் பின்னால் உன் அத்தான் நிற்கிறார்.

கடைக்குப் போகாமல் ஸ்டேஷனில் நின்றிருக்கிறார். நான் பிளாட்பாரத்துக்கு வந்ததும் எங்கே போகிறாள் என்று பின்னாலேயே வந்திருக்கிறார். தண்டவாளம் பக்கத்தில் இருக்கிற வீடு, அவருக்கு என்னென்ன பயமோ. ஆறு மாதமாக என்னோடு பேசாத மனுஷன். என் முகத்தைப் பார்க்காமல் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஏட்டி, வீட்டப் பூட்டிட்டியா?"

நான் பையைத் திறந்து சாவியைக் காட்டினேன். அப்பாவின் பூட்டைத்தான் சுனாபட்டி வீட்டுக்கும் மாட்டியிருக்கிறார்.

"இழுத்துப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்போ எவனாவது வந்து இப்போ போட்டோ எடுத்துக்கிட்டு இருப்பான்."

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது ஜெனி, சிரித்துவிட்டேன். வாயைப் பொத்தினேன், நிற்கவில்லை. அவர் முதலில் முறைத்தார், அப்புறம் அவருக்கும் தோள் குலுங்கியது. முன்னால் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இழவு வீட்டுச் சிரிப்பு மாதிரி நிறுத்த முடியாமல் சிரித்தோம், பிறகு நான் அழுதேன். அவர் கைக்குட்டை தரவில்லை, அவரிடம் கைக்குட்டை எப்போது இருந்தது? வரிசை நகர்ந்தது. உள்ளே போய் மாதாவைப் பார்த்தோம். மெழுகு வீடுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது.

இதற்கு நீ விசுவாசம் என்று பெயர் வைத்துவிடாதே. வீடு போனது போனதுதான், பதினொரு மாதத்துக்கு அப்புறம் எங்கே என்று இன்னும் தெரியாது. காலையில் எழுந்தால் அதே கல் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. சிரித்தேன் என்று உன்னிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது, அதற்குத்தான் எழுதுகிறேன். உனக்கும் அங்கே சுவரைப் பார்த்து நிற்கும்போது இப்படி ஏதாவது வரட்டும்.

திரும்பி வரும்போது உன் அத்தான் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இனிமேல் புதன்கிழமை ஒருத்தர் கோயிலுக்குப் போனால் ஒருத்தர் வீட்டில் இருக்க வேண்டுமாம். ஒரு வாரம் நான், ஒரு வாரம் அவர். "வாடகை வீட்டுக்கு எவன் கணக்கெடுக்க வரப்போறான், இனிமே யாரும் வர மாட்டாவ" என்றேன்.

பூட்டைத் திறந்துகொண்டே, "வந்தா?" என்றார்.

அன்பு அக்கா,
செல்வமேரி